டி.எச். ரோட்டு இன்ஜின்கள்

ஒரு இன்ஜினைப் பிரித்து மேஜைமேல் பரப்பிவிட்டால் அது எந்தக் காலத்தில் யோசிக்கப்பட்டது என்று சொல்லிவிடலாம். ஆர்.சி. புத்தகம் தயாரித்த வருஷத்தைத்தான் சொல்லும். யோசித்த வருஷத்தை ஆயில் பம்பும், கிராங்கின் பேரிங்கும், ஹெட்டின் உள்வடிவமும்தான் சொல்லும். திருவொற்றியூர் தேரடியை ஒட்டிய சந்தில் போர் அடிக்கும் பட்டறை வைத்துப் பிழைத்தவன் நான். சிலிண்டரைத் துளைத்துப் பெரிதாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, கிராங்கைத் தேய்த்துக் கொடுப்பது என் தொழில். 1985-ல் வாங்கிய புல்லட் வந்தாலும் 1995-ல் வாங்கிய புல்லட் வந்தாலும் உள்ளே நான் பார்த்தது 1949-ம் வருஷத்து இங்கிலாந்தைத்தான். எண்ணூரிலிருந்து வெளியே போன பழைய லாரியின் இன்ஜினைத் திறந்தால் அங்கேயும் இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு லங்காஷயரில் வரைபலகையில் போட்ட கோடுகள் அப்படியே இருந்தன.

இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. பழைய டிசைனையே கட்டிக்கொண்டு அழுதோம், புதிதாக எதையும் யோசிக்கவில்லை என்பார்கள். நான் அதை வேறு மாதிரிப் பார்க்கிறேன். அந்தப் பழைய இன்ஜின் ஒவ்வொன்றையும் கடைசி நட்டு வரை இங்கேயே செய்யக் கற்றுக்கொள்ள ஒரு வட்டாரமே தேவைப்பட்டது. ராயபுரத்தில் ஆரம்பித்து எண்ணூர் வரை நீளும் டி.எச். ரோடும், அதாவது திருவொற்றியூர் ஹை ரோடும், அதன் பக்கவாட்டுத் தெருக்களும்தான் அந்த வட்டாரம். அதன் கதை இன்னும் சரியாக எழுதப்படவில்லை என்பது என் ஆதங்கம்.

சென்னைக்கு மோட்டார் புதிதல்ல. 1903-லேயே சிம்சன் கம்பெனியின் சாமுவேல் ஜான் கிரீன் இங்கே நீராவிக் கார் ஒன்றைக் கட்டி ஓட்டிக் காட்டினார். ஆனால் அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு நம்மிடம் இருந்தது பூட்டுகிற வேலை மட்டும்தான். வண்டி துண்டுதுண்டாக மரப்பெட்டிகளில் துறைமுகத்துக்கு வரும். இங்கே பெட்டியை உடைத்துப் பூட்டுவார்கள். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் போதும், உலோகம் தெரிய வேண்டியதில்லை.

1948 செப்டம்பரில் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸும் அப்படித்தான் ஆரம்பித்தது. மகன் அசோக்கின் பெயரைக் கம்பெனிக்கு வைத்தார். நவீனத் தொழிலில் இறங்குங்கள் என்று அவரைத் தூண்டியவர் நேரு. 1949-ல் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்ட ஆரம்பித்தார்கள். 1,200 சி.சி. ஓவர்ஹெட் வால்வு இன்ஜின், அந்த நாளுக்கு நல்ல இன்ஜின். அது இங்கிலாந்திலிருந்தே முழுதாக வந்தது. பெட்டிகள் துறைமுகத்தில் இறங்கி, ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று டி.எச். ரோட்டோடு வடக்கே போகும். அந்தப் பெட்டிப் பலகைகளுக்கு எங்கள் தெருக்களில் தனி மவுசு. எங்கள் வீட்டுப் பரணே அந்தப் பலகையில் போட்டதுதான். நிழலில் காய்ந்த வெள்ளை மரம். கறையான் தொடுவதற்குள் நாங்கள் வளர்ந்துவிட்டோம்.

பூட்டுகிற காலத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது டில்லி. 1953-ல் டாரிஃப் கமிஷன் ஒரு பரிந்துரை செய்தது. உதிரிபாகங்களைப் படிப்படியாக உள்நாட்டிலேயே செய்வதற்குத் திட்டம் வைத்திருப்பவர்கள் மட்டும் தொழிலில் இருக்கலாம், வெறுமனே பூட்டுகிறவர்களுக்கு இடமில்லை என்பது அதன் சாரம். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டிக்கொண்டு கிளம்பின. எண்ணூரின் வாழ்வா சாவா நேரம் அது. சரண் அதற்கு முன்பே லங்காஷயரின் லேலண்ட் மோட்டார்ஸோடு பேசி, 1950-ல் லாரிகளுக்கு ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தார். பேச்சை முழுதாக முடிப்பதற்குள் விமான விபத்தில் இறந்துபோனார். சென்னை மாகாண அரசும் மற்ற பங்குதாரர்களும் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார்கள். 1954-ல் வருஷத்துக்கு 1,000 காமெட் வண்டிகள் செய்ய லைசென்ஸ் கிடைத்தது. லேலண்ட் பங்கு எடுத்தது. கம்பெனியின் பெயரும் அசோக் லேலண்ட் ஆனது.

முதல் நான்கு காமெட்டுகள் 1951-லேயே பூட்டப்பட்டு மங்களூர் ஓட்டுத் தொழிற்சாலைக்குப் போயிருந்தன. அந்த வண்டியில் இருந்த இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 350 என்று பெயர். 350 கன அங்குலம், நம் கணக்கில் சுமார் 5.7 லிட்டர். ஆறு சிலிண்டர், டீசல், டைரக்ட் இன்ஜெக்ஷன். பிஸ்டனின் தலையிலேயே ஒரு குழி இருக்கும். காற்றைப் பதினாறு மடங்குக்கு நெருக்கினால் அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். பிளக் வேண்டாம், காயில் வேண்டாம். டீசலே அந்த நாளில் லாரிக்காரர்களுக்குப் புதுசு. பெட்ரோல் லாரியின் செலவில் பாதிதான் ஆகிறது என்று தெரிந்ததும் சென்னை மாகாணத்து பஸ் முதலாளிகள் ஒவ்வொருவராக மாறினார்கள். அதற்குப் பிறகு 370, 400, 680 என்று வந்ததெல்லாம் கன அங்குலக் கணக்குதான். 1956-ல் நாடு மெட்ரிக் அளவுக்குச் சட்டம் போட்டுவிட்டது. இன்ஜின் மட்டும் இந்த வட்டாரத்தில் கடைசி வரை அங்குலத்திலேயே பேசிக்கொண்டிருந்தது. ஹிப்போ, பீவர் மாதிரி கனரக வண்டிகளில் உட்கார்ந்த 680-ஐ எங்கள் பட்டறையில் இறக்க நான்கு ஆள் வேண்டும், செயின் பிளாக்கும் வேண்டும். பதினொரு லிட்டருக்குச் சற்று மேல்.

லைசென்ஸ் கிடைத்தது காகிதத்தில். இன்ஜினுக்கு முதலில் வேண்டியது வார்ப்பு. சிலிண்டர் பிளாக்கை வார்க்கத் தெரியாத ஊர் இன்ஜின் செய்ய முடியாது. அதற்காகத்தான் லேலண்டும் அசோக் லேலண்டும் சேர்ந்து 1959-ல் எண்ணூர் ஃபவுண்டரியை ஆரம்பித்தார்கள். 1961-ல் வார்ப்பு வெளியே வந்தது. என் அப்பா அங்கே மோல்டர்.

பிளாக் என்பது பார்ப்பதற்கு ஒரு இரும்புக் கட்டி. உண்மையில் அது ஓட்டைகளின் தொகுப்பு. ஆறு சிலிண்டர், அவற்றைச் சுற்றித் தண்ணீர் ஓடும் அறைகள், ஆயில் போகும் பாதைகள், கேம் ஷாஃப்டுக்கு ஒரு சுரங்கம். இத்தனை வெற்றிடத்தையும் முதலில் மணலில் செய்ய வேண்டும். இரும்பு எங்கே போகக்கூடாதோ அங்கே எல்லாம் மணல் நிற்க வேண்டும். அதற்குப் பெயர் கோர். ஆளி விதை எண்ணெய் கலந்த மணலைப் பெட்டியில் அடித்து, அடுப்பில் சுட்டு, கல்லாக்குவார்கள். வாட்டர் ஜாக்கெட் கோர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு விரல் கனத்தில் வளைந்து நெளிந்து போகும். தூக்கும்போது உடையும். உடையாமல் அச்சுக்குள் இறக்கி, ஆணியால் தாங்கவைத்து, புகை போக வழி விட்டு, மேல் பெட்டியை மூட வேண்டும். அப்புறம்தான் உருகிய இரும்பு.

அப்பா பச்சை மணலை ஒரு கைப்பிடி அள்ளி அழுத்துவார். விரல் தடம் பதிய வேண்டும், இரண்டாக உடைத்தால் ஓரம் உதிராமல் நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஈரம் ஒட்டக்கூடாது. கொழுக்கட்டை மாவுப் பதம் என்று அம்மாவிடம் சொல்வார். ஈரம் கூடினால் இரும்பு கொதிக்கும், வார்ப்பில் குமிழி விழும். ஈரம் குறைந்தால் அச்சுச் சரியும். லேப் வந்தது, ஈரமானி வந்தது. அவர் கையால் அழுத்திப் பார்ப்பதை நிறுத்தவில்லை.

அந்த வேலையின் தரம் எனக்குப் பல வருஷம் கழித்து என் பட்டறையில் தெரிந்தது. உள்ளே இறக்கிய கோர் இம்மி நகர்ந்திருந்தால் சிலிண்டரின் ஒரு பக்கச் சுவர் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் போகும். வண்டி ஓடும்போது யாருக்கும் தெரியாது. இரண்டாவது, மூன்றாவது முறை போர் அடிக்கும்போதுதான் மெலிந்த பக்கம் வெளியே தெரியும். கருவி சுழலும் சத்தமே மாறும். அப்புறம் அந்தப் பிளாக்குக்கு ஆயுசு இல்லை, ஸ்லீவ் அடித்து ஓட்டலாம், அவ்வளவுதான். அறுபதுகளின் எண்ணூர் வார்ப்புகளில் இந்தக் கோளாறை நான் பார்த்தது மிகக் குறைவு. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

வார்த்த பிளாக்கைத் தேய்க்கக் கல் வேண்டும். கிராங்க் ஷாஃப்டின் ஜர்னலைக் கண்ணாடிபோல் தேய்த்து முடிப்பது கிரைண்டிங் வீல். 1954-ல் முருகப்பா குழுமம் அமெரிக்க, இங்கிலாந்துக் கம்பெனிகளோடு சேர்ந்து கார்போரண்டம் யுனிவர்சலை ஆரம்பித்தது, அதுவும் திருவொற்றியூரில்தான். டயருக்கு எம்.ஆர்.எஃப். 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்ய ஆரம்பித்த மாம்மன் மாப்பிள்ளை, 1952-ல் டிரெட் ரப்பருக்கு வந்து, 1961-ல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டோடு டயருக்கு வந்தார். கொஞ்சம் மேற்கே செம்பியத்தில் சிம்சன் கம்பெனி ஐம்பதுகளின் தொடக்கத்தில் பெர்க்கின்ஸ் டீசல் இன்ஜின் செய்யத் தொடங்கியது. அதற்குப் பக்கத்திலேயே 1949-ல் வந்தது இந்தியா பிஸ்டன்ஸ். டீசல் பம்புக்கும் நாசிலுக்கும் பெங்களூரில் 1951-ல் மைகோ. இவ்வளவும் சேர்ந்தபோதுதான் மணலியில் 1969-ல் சுத்திகரிப்பு ஆலை ஓட ஆரம்பித்தது, வருஷத்துக்கு 25 லட்சம் டன். வார்ப்பு, கல், பிஸ்டன், டயர், கடைசியில் டீசலே. ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் மைகோ தவிர அத்தனை வாசலையும் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

பக்கத்தில் இருப்பதால் என்ன வந்தது என்று கேட்கலாம். ஒரு பிஸ்டன் பிடித்துக்கொண்டது என்றால், எங்கள் பாஷையில் சீஸ் ஆனது என்றால், குற்றம் பிஸ்டன் மேலா, ரிங் மேலா, போரின் மேலா, ஆயில் மேலா என்று நான்கு பேர் ஒரே டீக்கடையில் நின்று சண்டை போடலாம். வார்ப்புக்காரரும் கிரைண்டரும் ஒரே தெருவில் குடியிருந்தார்கள். கடிதம் எழுதி, பதில் வரக் கப்பலுக்குக் காத்திருந்த காலத்தோடு இதை வைத்துப் பார்க்க வேண்டும்.

புல்லட்டின் கதை இதற்கு இணையாக ஓடியது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்கு 350 சி.சி. புல்லட் 800 வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தது. அந்த ஆர்டரை வைத்து 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரிலிருந்த என்ஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் திருவொற்றியூரில் நிறுவின. முதலில் பெட்டி உடைத்துப் பூட்டும் வேலைதான். 1957-ல் அச்சுகளும் கருவிகளும் இங்கே வந்தன. 1962-க்குள் எல்லா பாகமும் இங்கேயே செய்யப்பட்டன.

ரெட்டிச்சைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஒன்று பிடித்துப்போனது. அது ஊசி செய்கிற ஊர். தையல் ஊசி. 1851-ல் ஜார்ஜ் டவுன்சென்ட் என்பவர் ஊசிப் பட்டறை வைத்தார், அதிலிருந்து சைக்கிள் பாகங்கள், அதிலிருந்து சைக்கிள், அதிலிருந்து மோட்டார் சைக்கிள். கம்பியை இழுக்கவும், கடினப்படுத்தவும், தேய்க்கவும் தெரிந்த கைகள் ஊரில் இருந்தன. அந்தக் கைகளின் மேல்தான் இன்ஜின் நின்றது. திருவொற்றியூரிலும் அது நடந்தது, தலைகீழாக: இங்கே இன்ஜின் முதலில் வந்தது, கைகள் பின்னால் உருவாயின.

புல்லட்டின் இன்ஜின் 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சி.சி. நெருக்கம் ஆறரைக்கு ஒன்று. போரைவிட ஸ்ட்ரோக் நீளம். அதனால்தான் ஒவ்வொரு அடியையும் தனித்தனியாகக் கேட்க முடிகிறது. பேரல் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஆயில் டேங்க் தனியாக இல்லை, கிராங்க் கேஸிலேயே ஒரு அறை. கனெக்டிங் ராடின் பெரிய முனையில் ரோலர் பேரிங் கிடையாது. கிராங்க் பின்னுக்கும் ராடுக்கும் இடையில் மிதக்கிற புஷ் ஒன்று ஆயிலிலேயே சுழலும். நல்ல ஆயில் ஊற்றுகிறவனுக்கு அது வாழ்நாள் முழுக்க உழைக்கும். கஞ்சனுக்கு ஒரு கோடையில் போய்விடும். உதைப்பதற்கு முன்னால் டீகம்ப்ரஷன் லிவரை இழுத்து, ஆம்பியர் மீட்டரின் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, பிறகு ஒரே உதை. ராணுவத்து ஹவில்தாரும் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டரும் பால்காரரும் அதே வரிசையில்தான் செய்தார்கள்.

புல்லட் கிராங்கைச் சரிபார்ப்பது எப்படி என்று சொல்கிறேன், இது புத்தகத்தில் பாதிதான் இருக்கும். இரண்டு கனத்த ஃப்ளைவீல்களை ஒரு பின் இணைக்கிறது. மூன்றையும் சேர்த்து நட்டை இறுக்கினால் கிராங்க் முடிந்தது. ஆனால் இரண்டு பக்க ஷாஃப்டும் ஒரே கோட்டில் நிற்காது. லேத்தின் இரண்டு சென்டருக்கு நடுவே அதை நிறுத்தி, டயல் கேஜை வைத்து மெதுவாகச் சுற்ற வேண்டும். முள் எங்கே ஏறுகிறதோ அங்கே சாக்பீஸால் குறி. வெளியே எடுத்து, குறிக்கு நேரே செம்புச் சுத்தியலால் ஒரு அடி. மறுபடி சென்டரில் வைத்துச் சுற்று. இரண்டு தௌவுக்குள், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்குக்குள், வந்தால் நான் விடுவேன். எனக்குச் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி ஒரு தௌ இருந்தாலும் விடமாட்டார். "அடிக்கிறதுக்கு முன்னாடி யோசி தம்பி, அடிச்சப்புறம் யோசிச்சு பிரயோஜனமில்ல" என்பார். எவ்வளவு பலம் என்பதைக் கைக்குத்தான் சொல்லித்தர முடியும். அரைமணி நேரத்தில் முடிகிற கிராங்கும் உண்டு, அந்தி வரை இழுக்கிற கிராங்கும் உண்டு.

ரெட்டிச் ஆலையை 1967-ல் மூடினார்கள். இங்கிலாந்தில் மிச்சமிருந்த ஆலையும் 1970-ல் நின்றது. திருவொற்றியூர் நிற்கவில்லை. 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் கப்பலேறியது. சோழவரத்தில் இரண்டாம் உலகப்போருக்காகப் போட்ட விமான ஓடுபாதையில் மோட்டார் ரேஸ் நடந்த நாட்களில், செங்குன்றம் பக்கமிருந்து ஜனம் நடந்தே வரும். வேகத்துக்குப் பிறந்த வண்டிகளுக்கு நடுவே புல்லட்டையும் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஜெயிக்காது. ஆனால் எல்லாச் சுற்றையும் முடிக்கும்.

சோழவரம் என்று சொன்னதும் விமான இன்ஜினுக்கு வர வேண்டும். அந்த ஓடுபாதை போட்ட காலத்தில் விமானமும் லாரியும் ஒரே குடும்பம்தான். இரண்டிலும் பிஸ்டன், கிராங்க், வால்வு. அளவுதான் வேறு. அந்தக் குடும்பத்தைப் பிரித்தது ஜெட். இங்கிலாந்தின் ஃபிராங்க் விட்டில் 1930-லேயே காப்புரிமை கேட்டார், 1937 ஏப்ரலில் அவருடைய இன்ஜின் மேஜைமேல் ஓடியது. ஜெர்மனியின் ஹைன்கல் விமானம் 1939 ஆகஸ்டில் பறந்துவிட்டது. விட்டிலுடையது 1941 மேயில் பறந்தது. விட்டிலின் இன்ஜினைச் செய்யக் கொடுத்தது ரோவர் என்ற கார் கம்பெனிக்கு. சரிப்படவில்லை. 1943-ல் ரோல்ஸ்-ராய்ஸ் ரோவரோடு மாற்றிக்கொண்டது: ஜெட் எனக்கு, டாங்க் இன்ஜின் உனக்கு. அன்றைக்குப் பிரிந்ததுதான், கார் ஒரு வழி, ஜெட் ஒரு வழி.

பெயர்களில் மட்டும் உறவு மிஞ்சியது. காமெட் என்று லேலண்ட் 1944-ல் ஒரு டாங்கும், 1947-ல் ஒரு லாரியும் செய்தது. 1949-ல் பறந்த உலகின் முதல் ஜெட் பயணி விமானத்துக்கும் டி ஹேவிலண்ட் அதே பெயரை வைத்தது. அந்த விமானங்களில் ஒன்று 1953 மே 2-ல் கல்கத்தாவில் கிளம்பிய சில நிமிஷங்களில் புயல் மேகத்தில் சிக்கி உடைந்து விழுந்து 43 பேர் இறந்தார்கள். அதே மாதங்களில் எண்ணூரிலிருந்து காமெட் லாரிகள் மங்களூர் ஓடும் செங்கல்லும் சுமக்கப் போய்க்கொண்டிருந்தன.

ஜெட்டை நாமும் செய்தோம். பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ், பிரிஸ்டல் கம்பெனியின் ஆர்ஃபியஸ் இன்ஜினை லைசென்ஸில் செய்தது. நாட் விமானத்தில் அது போனது. நாட் 1965 போரில் பெயர் வாங்கியது. ஜெர்மானியர் குர்ட் டாங்க் வரைந்த மாருத், 1961 ஜூனில் பறந்தது. ஆசியாவில் நாமாகக் கட்டிய அழகான விமானம். அதற்காக யோசித்திருந்தது ஆர்ஃபியஸின் இன்னும் பலமான, ரீஹீட் உள்ள, அதாவது வெளியேறும் புகையில் மறுபடி எரிபொருளை எரிக்கிற, வடிவம். அதை முடிக்க இங்கிலாந்து பணம் கேட்டது, டில்லி கொடுக்கவில்லை. மாருத் கடைசி வரை சாதாரண ஆர்ஃபியஸ் 703 இரண்டோடு பறந்தது. அதன் உடம்புக்குத் தகுந்த வேகம் அதற்கு வாய்க்கவே இல்லை.

பணத்தை மட்டும் குற்றம் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஜெட் இன்ஜினை நான் பட்டறையில் பார்த்ததில்லை, பெங்களூர் அருங்காட்சியகத்தில் வெட்டி வைத்ததைப் பார்த்திருக்கிறேன். ஆர்ஃபியஸுக்குள் ஏழு அடுக்குக் காற்றழுத்தி, நடுவில் எரியும் குழாய்கள், பின்னால் ஒரே ஒரு டர்பைன் சக்கரம். எண்ணிக்கையில் புல்லட்டைவிடக்கூட எளிமை என்று தோன்றும். வால்வு இல்லை, கிராங்க் இல்லை, ஒரே ஷாஃப்ட். புல்லட்டிலும் காமெட்டிலும் நெருப்பு அடிக்கடி எரிந்து அணைகிறது. அடுத்த மூச்சில் குளிர்ந்த காற்று வந்து சுவரைத் தணிக்கிறது. அதனால்தான் வார்ப்பிரும்பு தாங்குகிறது. ஜெட்டில் நெருப்பு அணைவதே இல்லை. டர்பைன் இதழ் செக்கச்செவேலென்று சிவக்கிற சூட்டில், நிமிஷத்துக்குப் பல ஆயிரம் சுற்றுச் சுழன்றுகொண்டே நிற்க வேண்டும். சாதாரண எஃகு அந்தச் சூட்டில் மெல்ல நீளும், நீண்டு கூட்டை உரசும். அதற்காகவே இங்கிலாந்தில் நிக்கலும் குரோமியமும் கலந்து நிமோனிக் என்ற உலோகத்தைப் போர்க்காலத்தில் கண்டுபிடித்தார்கள். அந்த உலோகத்தை உருக்கவும் அடிக்கவும் தேய்க்கவும் தெரிந்த தெரு பெங்களூரில் அன்று இல்லை. ஹைதராபாதில் மிதானி நிறுவனம் வந்தது 1973-ல், மாருத் பறந்து பன்னிரண்டு வருஷம் கழித்து. எண்ணூரில் லாரிக்கு முன்பின்னாகப் பத்து வருஷத்தில் ஃபவுண்டரியும் கல்லும் பிஸ்டனும் வந்து சேர்ந்துகொண்டன. ஜெட்டுக்கு அந்தத் துணை கிடைக்கவில்லை. காவேரி ஜெட் இன்ஜின் தேஜஸ் விமானத்துக்குள் போகாமல் நின்றதற்கும் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

எங்கள் இன்ஜின்கள் ரோட்டோடு நிற்கவில்லை, கடலுக்கும் போயின. காசிமேட்டு விசைப்படகுகளுக்கு லேலண்ட் இன்ஜின் என்றால் ஒரு மரியாதை. லாரி இன்ஜினைப் படகுக்கு மாற்றும்போது ரேடியேட்டர் போய்விடும், ஹீட் எக்ஸ்சேஞ்சர் வரும், உப்புத் தண்ணீர் இன்ஜினைத் தொடாமல் வெளிக்குழாயில் ஓடிக் குளிர்விக்கும். கியர்பாக்ஸும் வேறு. லாரியில் டிரைவர் மேட்டிலும் பள்ளத்திலும் ஆக்சிலேட்டரை மாற்றிக்கொண்டே இருப்பார். படகில் வலையைப் போட்டுவிட்டால் மணிக்கணக்கில் ஒரே சுற்று, முழு பாரம். அதனால் சிலிண்டரின் தேய்மானமே வேறு மாதிரி இருக்கும். போர் டயலை உள்ளே விட்டதுமே இது ரோட்டு இன்ஜினா கடல் இன்ஜினா என்று சொல்லிவிடலாம்.

"இன்னா மேஸ்திரி, இத்த ஸ்லீவ் போட்டு ஓட்டலாமா, புதுசு எடுக்கட்டா?" என்று படகுக்காரர்கள் வந்து நிற்பார்கள்.

"பிளாக் நல்லா கீது நைனா. தண்ணி டெஸ்ட் போட்டுப் பாக்கலாம், அப்புறம் சொல்றேன்" என்பேன்.

பிளாக்கின் ஓட்டைகளை அடைத்து, தண்ணீரை அழுத்தத்தோடு ஏற்றி, வியர்க்கிறதா என்று பார்ப்பது அந்த டெஸ்ட். கடலில் கிடந்த பிளாக்கிலும் வியர்வை வராத நாட்களில் எனக்கு அப்பாவின் கை ஞாபகம் வரும்.

எண்பதுகளில் காற்று மாறியது. 1980-ல் அசோக் லேலண்டின் ஓசூர் ஆலை வந்தது. ஜப்பானின் ஹினோவோடு ஒப்பந்தம் போட்டு, அந்த இன்ஜின்கள் வர ஆரம்பித்தன. இங்கிலாந்துப் பரம்பரை மெல்ல ஓய்ந்தது. புல்லட்டின் வார்ப்பிரும்புப் பேரலும் 2010-ஐ ஒட்டி நின்றது. 2013-ல் ஒரகடத்தில் புது ஆலை. எங்கள் சந்தில் லேத்துகள் குறைந்தன. இப்போதைய இன்ஜினைத் திறப்பதற்கு முன் லேப்டாப்பைச் சொருக வேண்டியிருக்கிறது. என் மகனுக்கு அது தெரியும்.

ஆனால் பிரிந்த குடும்பம் ஒரு விதத்தில் மறுபடி சேர்ந்துவிட்டது. டர்போசார்ஜரைச் சொல்கிறேன். சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூஷி 1905-லேயே யோசித்தது. வெளியே போகும் புகையால் ஒரு டர்பைன் சக்கரத்தைச் சுழற்றி, அதே ஷாஃப்டின் மறுமுனையில் உள்ள சக்கரத்தால் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுவது. விட்டிலின் ஜெட்டில் இருந்த அதே இரண்டு சக்கரம், அதே ஒரே ஷாஃப்ட். தொண்ணூறுகளுக்குப் பிறகு லாரிக்கு லாரி வந்துவிட்டது. டர்பைன் சக்கரம் நிக்கல் கலவையில் வார்த்தது, ஷாஃப்ட் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் போகும். சென்னைக்குப் பக்கத்திலேயே, மாமல்லபுரத்துக்குப் போகிற வழியில் பையனூரில், 1982-ல் தொடங்கிய டர்போ எனர்ஜி கம்பெனி இதைச் செய்கிறது. ஜெட்டுக்குக் கிடைக்காத அக்கம்பக்கம் அதன் சின்னத் தம்பிக்குக் கிடைத்திருக்கிறது.

டர்போ போட்ட வண்டியோடு வருகிற டிரைவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். லோடு இழுத்து வந்து நிறுத்தியதும் சாவியைத் திருப்பாதே. ஒரு நிமிஷம், முடிந்தால் இரண்டு நிமிஷம், சும்மா ஐட்லிங்கில் ஓடவிடு. இன்ஜின் நின்றால் ஆயில் பம்பும் நின்றுவிடும், டர்பைன் சக்கரம் மட்டும் சூட்டோடு சுழன்றுகொண்டிருக்கும். அந்தச் சூட்டில் பேரிங்கில் தங்கிய ஆயில் கரியாகிவிடும். பழைய 370-க்கு இந்தப் பொறுமை தேவைப்படவில்லை.